மேல்மாடிக்கு நாலு நட்சத்திரம், கீழ்த்தளத்துக்கு ஒன்று

ஒரு விசா ஆபீஸைப் பற்றிய இந்த விமர்சனத்தை ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பணம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, எழுதினால் அதுவும் வராமல் போய்விடும் என்று வீட்டில் பயம். ஆனால் போன மாதம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற அண்ணன் வந்து, "மக்களே, மகளை லண்டனுக்கு அனுப்ப அந்த ஆபீஸ்ல கேட்டேன், நல்ல இடமா?" என்றார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெயர் போடவில்லை. களியக்காவிளைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அடையாளம் தெரிந்தால் தெரியட்டும், தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை, ஏனென்றால் மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலை வரை இதே மாதிரி கடை எத்தனையோ இருக்கிறது.

கட்டடம் இரண்டு மாடி. வாசலில் ஒரு டீக்கடை, ஏத்தன்பழ பஜ்ஜி நன்றாக இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் சூடாகக் கிடைக்கும். கீழ்த்தளத்தில் விசா ஆபீஸ். ஏசி, சோபா, சுவர் முழுக்க விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் படம். மேல்மாடியில் ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் என்று வெளிநாடு போக எழுதுகிற ஆங்கிலப் பரீட்சைகளுக்கு வகுப்பு. மின்விசிறி மட்டும்தான், பெஞ்சு ஆடும். முதலாளி இரண்டுக்கும் ஒருவரே. ஆனால் சரக்கு ஒன்றில்லை, அதுதான் விஷயம்.

என் தங்கச்சி பி.எஸ்சி. நர்சிங். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் வேலை. மாப்பிள்ளைக்கு வேன் ஓட்டம், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. 2024 பொங்கல் முடிந்த வாரம் கீழ்த்தளத்துக்குப் போனோம். வெளியே பெரிய பிளெக்ஸ்: மணிக்கூண்டுப் படம், சிவப்பு பஸ், "யூகே கேர் விசா, குடும்பத்துடன்". கேர் என்றால் முதியோரைப் பராமரிக்கிற மாதிரி வேலை. அந்தக் "குடும்பத்துடன்" என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் நாங்கள் படியேறியதே.

உபசரிப்பில் குறை சொல்ல முடியாது. வந்தவுடன் சுக்குகாப்பி. கவுன்சலர் பெண் பாதி தமிழ், பாதி மலையாளம், "ஒண்ணும் பேடிக்கண்டா சேட்டா" (ஒன்றும் பயப்பட வேண்டாம் அண்ணா) என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார். மேஜையில் லேமினேட் செய்த ஒரு தாள் இருந்தது. வேலை விசா கிடைக்க வேண்டிய எழுபது பாயிண்ட் கணக்கு. உரிமம் பெற்ற முதலாளியின் வேலை 20, வேலையின் தரம் 20, ஆங்கிலம் 10, சம்பளம் 20. சம்பளக் கட்டத்தில் வருடத்துக்கு 25,600 பவுண்டு என்று அச்சாகியிருந்தது, அதன் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி பேனாவால் 26,200 என்று திருத்தியிருந்தார்கள். ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. "பாத்தியா, அப்டேட்டா வெச்சிருக்காங்க" என்று நானே தங்கச்சியிடம் சொன்னேன். எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள்.

மொத்தம் 11 லட்சம் கேட்டார்கள். முன்பணம் ஒன்றரை லட்சம். தங்கச்சி தன் நகையில் ஏழு பவுனை கூட்டுறவு வங்கியில் வைத்தாள். பவுண்டு சம்பாதிக்கப் பவுனை வைக்கிறோம் என்று அன்றைக்கு மாப்பிள்ளை சிரித்தான், இப்போது அந்த ஜோக்கை அவன் சொல்வதில்லை.

இங்கே கொஞ்சம் பின்கதை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஆபீஸ் என்ன விற்கிறது என்பதே புரியாது. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனுக்குள் இருந்தவரை போலந்துக்காரர், ருமேனியாக்காரர் எல்லாம் விசா இல்லாமல் அங்கே போய் வேலை பார்த்தார்கள். நம் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்த குடும்பங்களும், பாரீஸில் குடியுரிமை வாங்கிய ஈழத்து ஆட்களும் அதே வழியில் லண்டனுக்கு மாறினார்கள். 2016 ஜூனில் ஓட்டுப் போட்டு வெளியேற முடிவு செய்தார்கள், சுமார் 52-க்கு 48 என்ற கணக்கில். 2020 ஜனவரி 31-ல் வெளியே வந்தார்கள், அந்த வருடக் கடைசியோடு அந்தத் திறந்த கதவும் மூடியது. 2021 ஜனவரி 1 முதல் போலந்துக்காரனுக்கும் பாறசாலைக்காரனுக்கும் ஒரே வரிசை, அதே எழுபது பாயிண்ட். இங்கிலாந்தில் முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு இதிலெல்லாம் 2021-22-ல் 1,65,000 இடம் காலி. ஆளில்லாமல் திண்டாடித்தான் 2022 பிப்ரவரியில் கேர் வேலையையும் விசாப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் ஊரில் இந்த ஆபீஸ்கள் காளான் மாதிரி முளைத்தது அதற்கப்புறம்தான். வெளிநாட்டுக்காரன் வரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்ட நாட்டில், 2023 ஜூனோடு முடிந்த ஒரு வருடத்தில் நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்தது, ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. அப்புறம் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு கதவாகச் சாத்த ஆரம்பித்தார்கள்.

முதல் பெரிய கதவு எது தெரியுமா, நாங்கள் படியேறிய அதே கதவு. கேர் விசாவில் வருகிறவர் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது என்று 2023 டிசம்பர் 4-ஆம் தேதியே அங்கே அறிவித்துவிட்டார்கள். ஒரு வருடத்தில் வந்த 1,00,000 கேர் வேலையாட்களோடு 1,20,000 குடும்பத்தினர் வந்தார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அமலுக்கு வந்தது 2024 மார்ச் 11. அதாவது நாங்கள் பொங்கல் முடிந்து பணம் கட்டியபோது அறிவிப்பு வந்து ஆறு வாரமாகியிருந்தது. கவுன்சலருக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றைக்கு வரை எனக்கு விடை இல்லை. தெரிந்தே சொல்லாமல் விட்டால் மோசடி, தெரியாமல் இருந்தால் அதைவிட மோசம், ஏனென்றால் தெரிந்துகொள்வதற்குத்தானே காசு கொடுக்கிறோம்.

பிப்ரவரி முழுக்க "சிஓஎஸ் வந்துடும்" என்றார்கள். சிஓஎஸ் என்பது அங்கே வேலை தருகிறவர் கொடுக்கிற ஸ்பான்சர் சான்று. எங்கள் 11 லட்சத்தில் ஆறு லட்சம் அதற்குத்தான் என்று கொட்டேஷனில் இருந்தது. அப்போது அதன் அரசுக் கட்டணம் 239 பவுண்டு, நம் காசில் சுமார் 25,000, அதையும் கட்ட வேண்டியது அங்கே வேலை தருகிற முதலாளி. இதை நான் பிற்பாடுதான் படித்தேன். 2024 டிசம்பர் 31 முதல் ஸ்பான்சர் செலவை வேலைக்கு வருகிறவர் தலையில் கட்டினால் முதலாளியின் உரிமமே போகும் என்று விதியை இறுக்கிவிட்டார்கள். கொட்டேஷனில் இன்னொரு வரி: "ஹெல்த் சர்சார்ஜ், மூன்று பேருக்கு". அங்கே அரசு மருத்துவத்துக்காக விசாவோடு வாங்குகிற வருடக் கட்டணம் அது. பிப்ரவரி 6-லிருந்து அது 624 பவுண்டிலிருந்து 1,035 ஆக ஏறுகிறது, சீக்கிரம் கட்டுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். கட்டணம் ஏறியது உண்மை. ஆனால் நாங்கள் கேட்ட கேர் விசா அடங்கிய ஹெல்த் அண்ட் கேர் விசாவுக்கு அந்தக் கட்டணமே கிடையாது! இல்லாத ஒரு செலவுக்கு விலை ஏறுகிறது என்று பயமுறுத்தினார்கள். நல்லவேளை, அந்தத் தொகையைக் கட்டவில்லை, அப்பா ரப்பர் ஷீட் விற்ற காசு வர நாலு நாள் தாமதமானது எங்களைக் காப்பாற்றியது.

மார்ச் 11 வந்தது, போனது. 14-ஆம் தேதி போன் செய்தால், "சேச்சி முதல்ல போகட்டும், ஆறு மாசத்துல குடும்பத்தைக் கூப்பிட்டுக்கலாம்" என்கிறார் அதே கவுன்சலர். நேரில் போனோம். கீழ்த்தளத்தில் மேனேஜர் இல்லை. தங்கச்சி வாசல் டீக்கடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, நெய்யாற்றின்கரைக்காரர், மேல்மாடியில் ஓஇடி எடுக்கிற டீச்சர் என்று அப்புறம்தான் தெரிந்தது, என்ன விஷயம் என்று கேட்டார். கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "நீ பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிட்டு எதுக்கு மோளே கேர் விசாவுக்குப் போற?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. கேர் விசா, நர்ஸ் விசா என்று இரண்டு இருப்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. டீச்சர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு போனில் பிரிட்டன் அரசின் தளத்தைத் திறந்து காட்டினார். மார்ச் 11-க்குப் பிறகு கேர் விசாவில் விண்ணப்பிக்கிறவருக்கு இப்போதும் இல்லை, ஆறு மாதம் கழித்தும் இல்லை, குடும்பம் கிடையாது. நர்ஸாகப் போனால் குடும்பத்தைக் கூட்டிப் போகலாம், அந்தத் தடை நர்ஸுக்கு இல்லை. அப்படியானால் கீழ்த்தளத்தில் ஏன் சொல்லவில்லை? காரணம் எளிது. நர்ஸாகப் போக அங்குள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு ஓஇடியில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் பி கிரேடு, எழுத்தில் சி பிளஸ், அல்லது ஐஇஎல்டிஎஸ்ஸில் மூன்றில் 7, எழுத்தில் 6.5. அப்புறம் சிபிடி என்ற கம்ப்யூட்டர் பரீட்சை. அப்புறம் அங்கே போய் ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. ஒரு வருடம் ஆகும். கேர் விசாவுக்கு அப்போது பி1 என்ற நடுத்தர ஆங்கிலம் போதும், இரண்டு மாதத்தில் ஆளை அனுப்பிக் காசு பார்த்துவிடலாம். தங்கச்சியின் சான்றிதழைப் பார்த்த பிறகும் அவளுக்குக் கேர் விசாவை விற்றது இதனால்தான். நகைக்கடைக்குத் தங்கம் வாங்கப் போனவளுக்குக் கவரிங்கைத் தங்க விலைக்குக் கட்டிக் கொடுத்த மாதிரி.

அந்த வாரமே மேனேஜரைப் பார்த்தோம். அவர் அசரவில்லை. ஜவுளிக்கடையில் இந்தக் கலர் இல்லையென்றால் அடுத்த கலரை விரித்துப் போடுவார்களே, அப்படி. "சரி, மாப்பிள்ளையை எம்.எஸ்சி.க்கு அனுப்பலாம், ஸ்டூடன்ட் விசா, இவங்க டிபெண்டென்டா போகலாம்." அதுவும் முடிந்துபோன கதை. 2024 ஜனவரி முதல் தொடங்குகிற படிப்புகளில் ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்ற மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. இந்தத் தடவை நான் போனை எடுத்து அவர் முன்னாலேயே படித்துக் காட்டினேன். "ரூல் டெய்லி மாறுது சார், நாங்க என்ன பண்றது" என்றார். அது மட்டும் உண்மை. அந்த வருடம் ஏப்ரல் 4-ல் பொது வேலை விசாவுக்கான சம்பள வரம்பு 26,200-லிருந்து 38,700 பவுண்டுக்குத் தாவியது. 2025 ஜூலை 22-ல் 41,700. லேமினேட் தாளில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஒரு சின்ன மேடு கட்டியிருக்கும். மாறுகிற விதியைப் பார்த்துச் சொல்வதுதானே இவர்கள் தொழில், மீன்காரர் போய் "மீன் கெட்டுப்போகுது சார், நாங்க என்ன பண்றது" என்று கேட்கலாமா?

போலீஸுக்குப் போகலாம் என்றான் மாப்பிள்ளை. ரசீதில் முகவரி தமிழ்நாடு, பணம் போட்ட வங்கிக் கணக்கு கேரளக் கிளை. இங்கே கேட்டால் அங்கே போ, அங்கே கேட்டால் இங்கே வா. எல்லையில் கடை வைக்கிறவர்களுக்கு இது ஒரு வசதி, நமக்கு இரண்டு பஸ் டிக்கெட். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நம் ஆபீஸில் எண் கேட்டதற்கு, "நாங்க ரெக்ரூட்மென்ட் இல்ல, கன்சல்டன்சி" என்றார்கள். பிளெக்ஸில் கேர் வேலை, பில்லில் ஆலோசனை.

எங்களுக்கு நடந்தது சின்ன அடிதான் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் தெருவிலிருந்து 2023-ல் இன்னொரு ஆபீஸ் மூலம் போன ஒரு பையனுக்கு அங்கே போனபின் வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான் வேலை கொடுத்தார்கள், அப்புறம் அந்தக் கம்பெனியின் ஸ்பான்சர் உரிமமே ரத்தானது. புது ஸ்பான்சர் தேட 60 நாள் என்று கடிதம் வந்தது. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை கேர் துறையில் மட்டும் 470-க்கு மேல் உரிமங்கள் இப்படிப் போயிருக்கின்றன. அவன் திரும்பி வந்துவிட்டான், கடன் திரும்பவில்லை, இப்போது குழித்துறையில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிற்கிறான். ஸ்பான்சர் பட்டியல் பிரிட்டன் அரசின் தளத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரியே இருக்கிறது, கம்பெனி பெயரைப் போட்டால் தெரிந்துவிடும், இதைப் பார்க்க யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். எங்கள் கீழ்த்தள ஆபீஸ் கடைசிவரை கம்பெனி பெயரையே சொல்லவில்லை, "கான்ஃபிடென்ஷியல்".

சரி, மேல்மாடிக்கு வருவோம், நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன் என்றேனே.

2024 ஜூனில் தங்கச்சி அதே கட்டடத்தில் ஓஇடி வகுப்பில் சேர்ந்தாள். வீட்டில் எல்லோரும் திட்டினார்கள், ஏமாற்றின இடத்துக்கே மறுபடி போகிறாயா என்று. டீச்சருக்காகப் போகிறேன் என்றாள். மூன்று மாதத்துக்கு 16,000, அதற்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை, பரீட்சையில் தோற்றால் அடுத்த பேட்சில் சும்மா உட்காரலாம். நான் ஒருநாள் குடை கொடுக்கப் போய் ஜன்னல் ஓரமாக நின்று கேட்டேன். எழுத்து வகுப்பு. நோயாளியின் குறிப்பைக் கொடுத்து, அடுத்து பார்க்கப் போகிற நர்ஸுக்கு 180-லிருந்து 200 வார்த்தையில் கடிதம் எழுத வேண்டும், 45 நிமிடம். குறிப்பில் நோயாளி ஒரு நாய் வளர்க்கிறார் என்று இருந்தது. தேவையில்லாததை வெட்டச் சொல்லியிருந்ததால் எல்லோரும் நாயை வெட்டிவிட்டார்கள். டீச்சர் கேட்டார்: "இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு தனியா இருக்கிற கிழவர் வீட்டுக்குப் போறார். அந்த நாயை யார் வெளியே கூட்டிட்டுப் போவா? அவரே போனா விழுவாரா, மாட்டாரா?" வகுப்பே அமைதி. அதே குறிப்பில் அவர் ரிட்டயர்டு தபால்காரர் என்றும் இருந்தது, அதை எல்லோரும் மறக்காமல் எழுதியிருந்தார்கள். குடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பேச்சு வகுப்பில் டீச்சரே கோபக்கார இங்கிலீஷ் தாத்தாவாக மாறிவிடுவாராம். "நீ எந்த நாட்டுக்காரி, எனக்கு உன் பேச்சு புரியல" என்று கத்துவாராம். முதல் வாரம் இரண்டு பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். தங்கச்சி முதல் தடவை வாசிப்பில் 340 எடுத்தாள், பி கிரேடுக்கு 350 வேண்டும். பத்து மார்க். இரண்டாவது தடவை 360, எழுத்தில் 320, சி பிளஸ்ஸுக்கு அது போதும். 2025 பிப்ரவரியில் ரிசல்ட் வந்தது, போன வருடம் சிபிடியும் முடித்துவிட்டாள்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால் கழிப்பறை. ஒரே ஒன்று, தாழ்ப்பாள் கிடையாது, இருபது பெண்கள் படிக்கிற இடம். அப்புறம் கீழ்த்தளத்து ஆள் ஒருவர் வாரம் ஒருமுறை வகுப்புக்குள் வந்து விசாப் பேச்சு பேசுவார், டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்டை அழிப்பார். அவர் அங்கே சம்பளத்துக்கு இருக்கிறார், வேறென்ன செய்ய முடியும்.

இதைப் படித்துவிட்டு நர்ஸ் வழி என்றால் உடனே விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இப்போது முன்னைப்போல வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதில்லை. தங்கச்சி இரண்டு இன்டர்வியூ கொடுத்தாள், ஒன்றில் பதிலே இல்லை. ஐந்து வருடத்தில் நிரந்தரமாகத் தங்க அனுமதி என்பதைப் பொதுவாகப் பத்து வருடமாக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். ஓஇடி மார்க்குக்கும் இரண்டு வருடம்தான் ஆயுள், அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. டீச்சர் சொல்லி அயர்லாந்துக்கும் பார்க்கிறாள், அங்கேயும் ஓஇடி செல்லும். பக்கத்துத் தீவுதான், அது யூனியனுக்குள்ளேயே இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் கேரள அரசின் நோர்க்கா. பால் வெட்டுகிற அண்ணனிடம் இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். அவர் மகள் படித்தது பி.காம். என்று அப்புறம்தான் சொன்னார். பி.காம். பிள்ளைக்கு அந்த ஆபீஸில் என்ன சொன்னார்கள் தெரியுமா? கேர் விசா. வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வேலைக்கு ஆள் எடுப்பதையே 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு அங்கே நிறுத்திவிட்டார்கள். குடும்பத்துடனும் இல்லை, தனியாகவும் இல்லை, அந்தச் சரக்கே உலகத்தில் இல்லை. இவர்கள் இன்னும் முன்பணம் கேட்கிறார்கள், இப்போது இரண்டு லட்சம். இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து எழுதினேன்.

எங்கள் கணக்கு: கட்டியது 1,50,000. நாலு தவணையாகத் திரும்பியது 1,00,000. 30,000 "சர்வீஸ் சார்ஜ்" என்று பிடித்துக்கொண்டார்கள், அதைத் தலைமுழுகிவிட்டோம். மீதி 20,000 அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று பதினெட்டு மாதமாகிறது.

போன வாரம் அதைக் கேட்கப் போனேன். வாசலில் புது பிளெக்ஸ், ஜெர்மனி, ஒரு கோட்டை, ஒரு நர்ஸ், "குடும்பத்துடன்". பழைய பிளெக்ஸை டீக்கடை அண்ணன் வாங்கி விறகு நனையாமல் மேலே கட்டியிருந்தார். மணிக்கூண்டு தலைகீழாக இருந்தது. பஜ்ஜி இரண்டு சாப்பிட்டேன், மேனேஜர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். 20,000 வந்தால் இதிலேயே திருத்தி எழுதுகிறேன், அந்த ஒரு நட்சத்திரத்தை ஒன்றரையாக்கலாம்.